பேப்பர் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. வயது 32, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரே நிறுவனத்தில் ஒன்பது வருடம். வேலையை விட்டுவிட்டு ஏழெட்டு மாதம் வெளிநாடுகளில் சுற்ற வேண்டும். முதலில் தாய்லாந்து, வியட்நாம் (அங்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்டும் ஆசையும் உண்டு), பிறகு மத்திய ஆசியா, ஜார்ஜியா, துருக்கி, கடைசியில் ஐரோப்பா. முடிந்தால் கென்யா. சேமிப்பு 12 லட்சம். அடுத்த மாதம் பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டு, 90 நாள் நோட்டீஸ் காலத்தில் மற்ற ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளலாமா? பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

தாராளமாகப் போகலாம். பணமும் ஏறக்குறையப் போதும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசை இரண்டு இடத்தில் தலைகீழாக இருக்கிறது. ராஜினாமாவை முதலில் வைத்திருக்கிறீர்கள், ஐரோப்பாவைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் திருப்பிப் போட வேண்டும். பெங்களூரில் பல வருடம் எச்.ஆர். பக்கம் சம்பளப் பட்டியலும் வேலையை விடுபவர்களின் செட்டில்மென்ட் கணக்கும் பார்த்தவன் நான். நீண்ட பயணமும் போய்வந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மாதச் சம்பளக்காரர் என்ற அடையாளம் இருக்கும்வரை அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டால் மூன்று மாத சம்பளச் சீட்டு கேட்பார்கள். டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் வருமானச் சான்று கேட்பார்கள். விசா விண்ணப்பத்திலும் அதே சீட்டுதான். கடைசி வேலை நாளுக்கு மறுநாள் இவை எல்லாமே கடினமாகிவிடும். ஆகவே சம்பளச் சீட்டு தேவைப்படும் காரியங்கள் அனைத்தையும் முதலில் முடியுங்கள். அவை முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பேப்பர் போடும் நாளைக் குறியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: சம்பளமில்லா நீண்ட விடுப்பு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சபாட்டிகல் என்ற பெயரில் இதற்கு விதி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஒன்பது வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். மேனேஜரிடம் வாய்வழியாகக் கேட்பதற்கு முன் கம்பெனியின் உள்தளத்தில் அந்த விதியைத் தேடிப் படியுங்கள். கிடைத்தால் விசாவுக்கு உண்மையான விடுப்புக் கடிதம் கையில் வந்துவிடும், பணிக்காலம் அறுபடாது, சில இடங்களில் மருத்துவக் காப்பீடும் தொடரும். மறுத்துவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்பது மட்டும் கொஞ்சம் முன்னதாகத் தெரிந்துவிடும். போனஸ் வர இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், அது கணக்கில் விழுந்த பிறகு கேளுங்கள்.

இப்போது விசா. உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும், அதற்கும் முன்னால் முடியாது. நீங்கள் ஐரோப்பாவை ஏழாவது எட்டாவது மாதத்தில் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் பெங்களூரிலிருந்து கிளம்பும்போது அந்த விசாவை வாங்கிக்கொண்டு போக வழியில்லை. சரி, போகிற வழியில் பாங்காக்கில் வாங்கிக்கொள்ளலாமே என்றால், பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாவுக்கு வந்து இறங்கியவரின் விண்ணப்பத்தை அங்கே எடுத்துக்கொள்வது அபூர்வம். நடுவில் ஊருக்குத் திரும்பி வந்து விண்ணப்பித்தால் அப்போது உங்களுக்கு வேலை இருக்காது, வங்கிக் கணக்கில் ஆறு மாதமாகப் பணம் வெளியே போன தடயம் மட்டும்தான் இருக்கும்.

ஐரோப்பாவை முதலில் வைத்தால் இந்தச் சிக்கல் மொத்தமும் கரைந்துவிடும். மே மாதத்தில் ஐரோப்பா, அதை ஒட்டித் துருக்கி, ஜார்ஜியா. ஒட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி ஆன்லைனிலேயே இ-விசா தருகிறது. ஜார்ஜியாவும் அந்த விசாக்கள் இருப்பவர்களை விசா இல்லாமலே உள்ளே விடுகிறது. ஷெங்கன் விசாவின் தேதி முடிந்துவிட்டால் இந்தச் சலுகையும் போய்விடும். எனவே ஐரோப்பிய விசா எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் இந்த இரண்டு எல்லைகளையும் கடந்துவிட வேண்டும்.

இந்த வரிசை பருவநிலைக்கும் பொருந்துகிறது. கிர்கிஸ்தானின் சோங்கோல் ஏரிப் பக்கம் மேய்ச்சல்காரர்களின் கூடாரங்களில் தங்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரைதான் காலம். உஸ்பெகிஸ்தானில் ஜூலை மாதம் 40 டிகிரி கொளுத்தும். சமர்கந்த், புகாராவைச் செப்டம்பருக்குத் தள்ளுங்கள். கஜகஸ்தானில் 14 நாள்வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம், உஸ்பெகிஸ்தானுக்கு 30 நாள் இ-விசா. அக்டோபர் கடைசியில் தாய்லாந்துக்கு இறங்கினால் மழை ஓய்ந்துகொண்டிருக்கும். வியட்நாமின் நடுப்பகுதியில், அதாவது ஹோய் ஆன், ஹூவே பக்கம், அக்டோபர் நவம்பரில் வெள்ளம் வருவது வாடிக்கை. அங்கே ஜனவரிக்குப் பிறகு போங்கள். வியட்நாம் இ-விசா 90 நாள்வரை கிடைக்கும் என்பதால் அவசரம் இல்லை. கடைசிக் கட்டத்தில் மலேசியா. 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் விசா விலக்கு அறிவித்திருக்கிறார்கள். உங்கள் தேதிக்கு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ரொட்டியும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டவருக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இலை போட்டுச் சாப்பாடு கிடைப்பதன் அருமை அங்கே உட்காரும்போதுதான் புரியும்.

ஷெங்கன் விண்ணப்பத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "இவர் விடுப்பில் போகிறார், இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவார்" என்று நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுவாரம் பேப்பர் போடுவது பெங்களூரில் பலர் சொல்லித்தரும் குறுக்குவழி. வேண்டாம். பொய்த் தகவல் என்று தெரிந்தால் கொடுத்த விசாவையே ரத்து செய்யலாம், அது பதிவிலும் ஏறும், அடுத்த விண்ணப்பங்களையும் பாதிக்கும். விண்ணப்பிக்கும் நாளில் எது உண்மையோ அதையே எழுதுங்கள். அன்று நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள், சம்பளம் வருகிறது, மூன்று வருட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்கிறீர்கள். இவை உண்மை, இவற்றுக்கு எடை உண்டு. கவரிங் லெட்டரில் நீண்ட பயணம் போகிறேன், ஐரோப்பாவில் இத்தனை நாள், அங்கிருந்து இஸ்தான்புல், இதோ டிக்கெட், இதோ சேமிப்பு, பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள் என்று நேராக எழுதலாம். ஏற்கெனவே பேப்பர் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். கணக்கில் பணம் திடீரென்று வந்து விழுந்ததுபோல் இருக்கக் கூடாது. நண்பனிடம் ஐந்து லட்சம் கைமாற்று வாங்கி ஒரு வாரம் நிறுத்திவைப்பதை விசா அதிகாரிகள் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை நெருங்கினால் பெங்களூரில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தேதி பிடித்துவிடுங்கள். கடந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர் என்றால், 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரக்கூடிய மல்ட்டிபிள் என்ட்ரி விசா கிடைக்க வாய்ப்பு உண்டு. கம்பெனி வேலையாக ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போயிருந்தால் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

அமெரிக்க விசாவுக்கும் இப்போதே போட்டுவைப்பது நல்லது என்பது என் கட்சி, அமெரிக்கா போகும் எண்ணம் என்றாவது இருந்தால். கிடைத்தால் வழக்கமாகப் பத்து வருடம். துருக்கி, ஜார்ஜியா சலுகைக்கு நடுவழியில் தேதி தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. நேர்காணலுக்குப் பெங்களூர்க்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோதான் போகிறார்கள். காத்திருப்புக் காலம் நீளம் என்பதால் உங்கள் பயணத்துக்குள் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஊர் திரும்பும் நாளுக்கு மேலும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் 60 பக்கப் புத்தகம் கேளுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். பெங்களூரிலேயே சேவை மையம் இருக்கிறது. போலீஸ் விசாரணை தற்போதைய முகவரிக்குத்தான் வரும் என்பதால், வாடகை வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது அப்பா அம்மா. உங்கள் கேள்வியில் இது ஒரு வரிகூட இல்லை, ஆனால் என்னைக் கேட்டால் விசாவைவிடப் பெரிய விஷயம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் கம்பெனி குரூப் பாலிசிதான் ஒரே மருத்துவக் காப்பீடு. உங்கள் கடைசி வேலை நாளன்று அது முடிந்துவிடும். நீங்கள் கிர்கிஸ்தான் மலையில் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பில் முழுவதும் உங்கள் பயணப் பணத்திலிருந்துதான் போகும். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இருக்கிறது. குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பியுங்கள். அப்படி மாறினால் குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் (சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலம்) கழிந்துவிடும். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம்வரை காத்திருப்பு வைக்கலாம். எச்.ஆரில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், "அப்படியெல்லாம் கிடையாது" என்றால் விட்டுவிடாமல் காப்பீட்டு நிறுவனத்தின் அல்லது தரகரின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி நேராக எழுதுங்கள். வயதானவர்களுக்கு பிரீமியம் கனமாகத்தான் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். உங்களுக்கும் சேர்த்து ஒன்று எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். இருந்தாலும் நீங்கள் வெளியே சுற்றும் மாதங்களில் காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டுக்கான பயணக் காப்பீடு வேறு. அதில் பலர் ஏமாறும் இடம் "வருடாந்திர மல்ட்டி ட்ரிப்" பாலிசி. பெயரைப் பார்த்தால் வருடம் முழுவதும் என்று தோன்றும். ஆனால் ஒரு பயணத்துக்கு 30, 45, 60 நாள் என்று உச்சவரம்பு இருக்கும், அந்த நாள் தாண்டிவிட்டால் காப்பீடு இல்லை. உங்களுக்கு வேண்டியது நீண்ட ஒற்றைப் பயணப் பாலிசி. நம் நிறுவனங்கள் பொதுவாக 180 நாள்வரை தருகின்றன. அதற்கு மேல் நீட்டிக்க முடியுமா, வெளிநாட்டில் இருந்தபடியே நீட்டிக்கலாமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் இருக்கும்போதே வாங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று பைக். வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்டும் ஆசை உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. ஆர்.டி.ஓ.வில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியானது, ஒரு வருடம் செல்லும். தாய்லாந்துக்கு அது சரி. வியட்நாம் சேர்ந்திருப்பது 1968 உடன்படிக்கையில். நம் அனுமதியை அங்கே சட்டப்படி ஏற்பதில்லை. வாடகைக்கு பைக் கொடுப்பவர் ஒன்றும் கேட்க மாட்டார். விழுந்து கால் முறிந்தால் காப்பீட்டு நிறுவனம் முதல் கேள்வியாக உரிமத்தைத்தான் கேட்கும். அங்கே உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு, கொஞ்சம் கூடுதல் செலவு. அதைத்தான் நான் சொல்வேன்.

கென்யா போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். அங்கே உள்ளே போவதைவிட அங்கிருந்து வெளியே வருவதில்தான் சிக்கல். கென்யாவிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரிடம் அந்தத் தடுப்பூசிக்கான சான்று, அதாவது மஞ்சள் அட்டை, இல்லையென்றால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள், ஆறு நாள்வரை. தாய்லாந்து, மலேசியாவும் அந்த அட்டையைக் கேட்கும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும், அப்புறம் ஆயுள் முழுவதும். மற்றபடி டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் பற்றி ஒரு டாக்டரிடம் கேளுங்கள். கம்பெனி காப்பீடு இருக்கும்போதே பல்லைப் பார்த்துவிடுங்கள். ஒரு ரூட் கெனால் வலி எவ்வளவு அழகான ஊரையும் கெடுத்துவிடும்.

பணக் கணக்குக்கு வருவோம். நான் போட்ட உத்தேசம்: ஐரோப்பா 25 நாள், நாளுக்கு 8,000 என்றால் 2 லட்சம். துருக்கியும் ஜார்ஜியாவும் 40 நாள், நாளுக்கு 4,000, ஆக 1.6 லட்சம். மத்திய ஆசியா 60 நாள், 3,000 வீதம் 1.8 லட்சம். தென்கிழக்கு ஆசியா 100 நாள், 2,800 வீதம் 2.8 லட்சம். இதுவே 8.2 லட்சம். விமானம், விசா, காப்பீடு, தடுப்பூசி எல்லாம் 2 லட்சத்துக்குக் குறையாது. மொத்தம் 10.2 லட்சம், ஹாஸ்டலும் பஸ்ஸும்தான், ஹோட்டலும் டாக்சியும் இல்லை. மிஞ்சுவது 1.8 லட்சம். அது திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்குப் போதாது. கென்யா சஃபாரியை இதில் நுழைத்தால் கணக்கு உடைந்துவிடும். கென்யாவை விட்டுவிடுங்கள், அல்லது ஐரோப்பாவைப் பதினைந்து நாளாகச் சுருக்குங்கள்.

உங்களைக் காப்பாற்றப் போவது கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் அது உங்கள் உரிமை. அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஒன்பது வருடத்தால் பெருக்கினால் சுமார் 2.6 லட்சம் வரும். ஒன்பது வருடத்துக்கு மேல் ஆறு மாதம் தாண்டியிருந்தால் பத்து வருடமாகக் கணக்கிடுவார்கள். பேப்பர் போடும் தேதியை ஒரு மாதம் தள்ளுவதில் லாபம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 2.6 லட்சத்தையும் மிச்சத்தையும் சேர்த்து, வந்து இறங்கிய பிறகு செலவழிக்க வேண்டிய பணம் என்று ஒதுக்கிவையுங்கள். வீட்டு அட்வான்ஸும் அப்படித்தான். பெங்களூரில் திரும்ப வீடு பிடிக்க மறுபடி மாதக்கணக்கில் அட்வான்ஸ் கேட்பார்கள், அந்தப் பணத்தைப் பயணத்தில் கரைக்காதீர்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம், அதைக் கழித்தே கணக்குப் போடுங்கள்.

பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டாம். சந்தா நின்றாலும் 58 வயதுவரை வட்டி ஏறும். வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. இன்னொரு வேலையில் சேர்ந்ததும் அதே யு.ஏ.என். எண்ணுக்கு (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) மாற்றிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, பணியிலிருந்து விலகிய தேதி இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்பதை. கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே ஏற்றலாம்.

செட்டில்மென்ட் பணம் எப்போது வரும்? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. இருந்தாலும் ஒன்றரை மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சேரும்போது வாங்கிய போனஸ், பயிற்சி ஒப்பந்தம் என்று திருப்பிப் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். கம்பெனிப் பங்குகளை வாங்கும் உரிமை (ஸ்டாக் ஆப்ஷன்) இருந்தால் விலகிய பின் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் எல்லா வருடத்துச் சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் சொந்த மின்னஞ்சலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். எட்டு மாதம் கழித்து உங்களுக்குத் தெரிந்த எச்.ஆர். ஆள் அந்தக் கம்பெனியிலேயே இருக்க மாட்டார்.

வரி விஷயத்தில் ஒரு தெளிவு: சுற்றுலா போனால் என்.ஆர்.ஐ. ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு வருடத்தில் 365 நாளும் இந்தியாவில் இருந்தாலே குடியிருப்பவர் என்ற கணக்குதான். வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குள்ள 182 நாள் சலுகை ஊர் சுற்றுபவருக்குக் கிடையாது. மே மாதம் கிளம்பினால் போன வருடக் கணக்கை ஜூலையில் சாலையிலிருந்தபடியே தாக்கல் செய்ய வேண்டி வரும், அதற்கும் ஓ.டி.பி. வேண்டும்.

ஆக, எல்லாவற்றுக்கும் சாவி உங்கள் இந்திய செல் நம்பர். வங்கி, ஆதார், பி.எஃப்., வரி என எல்லாக் கதவும் அதில்தான் திறக்கிறது. இரண்டு சிம் போடும் போன் வாங்குங்கள். இந்திய எண் நிஜ சிம்மாகவே இருக்கட்டும், உள்ளூர் டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றியிருந்தால், போன் தொலைந்தால் வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை மீட்பது பெரும்பாடு. நிஜ சிம் என்றால் போன் உடைந்தாலும் கழற்றி வேறொன்றில் போட்டுவிடலாம். ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள், ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். சிம்மை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓ.டி.பி.யைப் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு வாரத்துக்குச் சரிப்படும்; நேர வித்தியாசமும் பத்து நிமிடக் கெடுவும் சேர்ந்தால் தாங்காது. வங்கிச் செயலிகள் பல அந்த சிம் அதே போனில் இருந்தால்தான் திறக்கும்.

கார்டு இரண்டு வங்கியில் இரண்டு வேண்டும், இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம்வரை கூடுதல், அதன்மேல் ஜி.எஸ்.டி. இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இப்போது கிடைக்கின்றன. சம்பளம் வரும்போதே ஒன்று வாங்குங்கள். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டால்தான் கார்டு அங்கே வேலை செய்யும். கடைக்காரரோ ஏ.டி.எம்.மோ ரூபாயில் காட்டட்டுமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்திலேயே என்று சொல்லுங்கள், ரூபாயில் என்றால் மோசமான விலை போடுவார்கள். நோட்டாக 3,000 டாலர்வரை கொண்டுபோகலாம். 500, 600 போதும்.

சாமான்கள் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷினை விற்றுவிடுங்கள். புத்தகமும் பாத்திரமும் கலாசிப்பாளையத்திலிருந்து லாரி பார்சலில் ஊருக்குப் போகட்டும். பைக்கை ஊரில் விட்டால் இன்சூரன்ஸ் தேதியை அப்பாவிடம் சொல்லி வையுங்கள். பை ஏழெட்டு கிலோவுக்குள் இருந்தால் உங்கள் முதுகுக்கு நல்லது.

கடைசியாக, டிக்கெட். ஒருவழி டிக்கெட்டோடு பெங்களூர் விமான நிலையம் போனால் செக்-இன் கவுண்டரிலேயே "அங்கிருந்து எங்கே போகிறீர்கள்" என்று கேட்பார்கள், அடுத்த டிக்கெட் இல்லாமல் போர்டிங் பாஸ் தராமல் நிறுத்திவிடவும் கூடும். ஐரோப்பாவுக்கு இஸ்தான்புல் டிக்கெட் கையில் இருக்கும் என்பதால் பிரச்சினை இல்லை. தாஷ்கண்டிலிருந்து பாங்காக் ஏறும்போது இது மறுபடி வரும். லாவோஸுக்கு பஸ்ஸில் போவேன் என்று சொல்வதை எல்லா ஊழியர்களும் ஒத்துக்கொள்வதில்லை. பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவான ஒரு விமான டிக்கெட்டை முன்னதாகப் போட்டு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து, மலேசியா இரண்டுக்கும் ஆன்லைன் வருகைப் படிவம் உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.